ஒரே பாட்டு, ரெண்டு ஹெட்போன்

ஹெட்போன் பிரியர்கள் கூடும் அறையில் பேச்சே இருக்காது. ஆனால் ஆளாளுக்கு வேறு வேறு தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். மேசை முழுக்க வயர். “சார், இதைக் கேட்டுட்டு அதைக் கேளுங்க” என்று யாராவது ஒன்றை நீட்டுவார்.

ஒப்பிடும்போது முதலில் ஏமாற்றுவது வால்யூம்தான். இரண்டில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுவே உசத்தி என்று காது சத்தியம் செய்யும். சத்தம் குறைந்தால் பாஸ் நம் செவிக்குச் சரியாக எட்டாது; ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனின் மின்தடை 300 ஓம். போனில் செருகினால் முனகும். 32 ஓம் உள்ள பழைய கிராடோ எஸ்ஆர்80 அதே போனில் ஊரைக் கூட்டும். வால்யூமைச் சமன்செய்யாமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

சமன்செய்த பிறகு கேளுங்கள். எச்டி 600 முதுகு திறந்த வகை. கம்பி வலை வழியே ஒலி வெளியேறுவதால் வயலின் மண்டைக்குள் அடைபடாமல் சற்றுத் தள்ளி நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ‘நம்’, விரல் பட்ட இடம் தெரிகிற மாதிரி வரும். இடந்தலையான தொப்பியில் எழும் கும்கிதான் கொஞ்சம் மெலிவு. கிராடோவில் கிட்டார் கொண்டாட்டம். ஆனால் பாடகி ‘ச’ என்றால் காதில் ஊசி. குரலுக்கு என் ஓட்டு எச்டி 600-க்கே.

அமுங்கிப்போன குஷனோடு வருகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. குஷன் தேய்ந்தால் ஒலியெழுப்பும் டிரைவர் காதை நெருங்கும், ஒலியும் மாறிவிடும். புதிது போட்டுக்கொண்டு வாருங்கள் ஐயா, அப்புறம் சண்டை போடலாம்.