தகையும் தகுதியும்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஓர் இல்லத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் முதல் நாள்தான் திரும்பியிருந்தனர். பெண் நல்லவள்தான், ஆனால் நாஜூக்கு போதாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தறியில் உழைத்துக் காய்த்த கைகள் அவளுடையவை. “சாமி, என் மகளிடம் என்ன குறை?” என்று தாய் கேட்டார். அன்று நம்மிடம் விடையில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. நாஜூக்கு, பாரசீகத்திலிருந்து வந்த சொல். மென்மையானது, எளிதில் நொறுங்குவது என்பது அதன் பொருள். தெலுங்கில் அது மெல்லிய அழகைச் சுட்டும். தமிழிலோ ‘நாசூக்கு’ என்றாகி, பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்ளும் பக்குவத்தைக் குறிக்கலாயிற்று.

இதே மெல்லிய அழகை ஆங்கிலேயர் ‘டெயின்டி’ என்பர். இச்சொல்லின் பிறப்பு வியப்பிற்குரியது. தகுதி, மாண்பு எனப் பொருள்படும் ‘திக்னித்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே பழைய பிரெஞ்சு வழியாக இவ்வடிவம் பெற்றது. முதலில் மதிப்பையும், பின்னர் மதிப்பிற்குரிய இனிய பண்டத்தையும், இறுதியில் சிறியதும் நேர்த்தியானதுமான அழகையும் அது குறித்தது. மாண்பைக் குறிக்கும் ‘டிக்னிட்டி’ அதன் உடன்பிறப்பு. ஒன்று மனிதரின் மாண்பைப் பேச நிலைத்தது. மற்றொன்று தேநீர்க் கோப்பைக்கும் பூவேலைத் துணிக்கும் அடைமொழியாகச் சுருங்கியது.

நம் தமிழும் இவ்வுறவை அறியும். ‘தகு’ என்னும் வேரில் பிறந்த ‘தகை’, தகுதியையும் குறிக்கும், அழகையும் குறிக்கும். திருக்குறளின் 109ஆம் அதிகாரம் ‘தகையணங்குறுத்தல்’. அங்கே தகை என்பது அழகு. வாழ்க்கைத் துணைநலம் பேசும் 6ஆம் அதிகாரத்தில் அதே சொல் நன்மை, பெருமை என்னும் பொருளில் வருகிறது. அனிச்ச மலரின் மென்மையைப் பாடிய வள்ளுவரே இவ்விரண்டையும் ஒரு சொல்லில் கண்டார். மென்மையைப் போற்றுவது பிழையன்று; மென்மை மட்டுமே அழகு எனக் கொள்வதே பிழை.

நற்கருணை பெறுமுன், நூற்றுவர் தலைவர் இயேசுவிடம் கூறியதை நினைந்து, நாம் தகுதியற்றவர் என அறிக்கையிடுகிறோம். இலத்தீன் திருவழிபாட்டில் அங்கே நிற்கும் சொல் ‘திக்னுஸ்’. ‘திக்னித்தாஸ்’ பிறந்ததும் அதிலிருந்தே. தகுதியற்ற நம்மை ஆண்டவர் தம் விருந்திலிருந்து விலக்குவதில்லை. அவ்விருந்தை உண்டு எழுந்த நாம், பிறர் மகளைக் கைகளின் காய்ப்பைக் கண்டு விலக்குவது எங்ஙனம் தகும்?

அத்தாய்க்கு இன்று நம்மிடம் விடை உண்டு. அம்மா, உம் மகளிடம் குறையில்லை. அவள் கைகளில் தகை உண்டு. அதைக் காணும் கண் வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.