வேலிக்குள் எழுதிய நாட்குறிப்பு

பாதிக்கப்பட்டவர்கள் எழுதியதை விமர்சிக்கக் கூடாது என்றொரு நாகரிகம் இலக்கிய உலகில் வளர்ந்துவிட்டது. படித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றால் போதும். எழுத்தைப்பற்றி மேலே பேசுவது மனிதாபிமானக் குறைவு. எனக்கு இந்த நாகரிகத்தின்மேல் சந்தேகம் உண்டு. தலைகுனிந்தவனுக்கு எதிரே இருக்கிற பக்கம் தெரியாது. ஆப்ரஹாம் உல்ரிகாப்பின் நாட்குறிப்புக்கு நேர்ந்திருப்பது இதுதான் என்று படுகிறது.

ஆப்ரஹாம், இன்றைய கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் ஹெப்ரான் என்ற மொரேவியன் மிஷன் குடியிருப்பைச் சேர்ந்த இன்யூட். 1880இல் அவருக்கு வயது 35. மனைவி உல்ரிகேக்கு 24. மூத்த பெண் சாராவுக்கு மூன்று நான்கு வயது, மரியா கைக்குழந்தை. உல்ரிகாப் என்றால் உல்ரிகேயின் ஆள் என்று பொருள். அந்த ஊர் வழக்கில் மனைவி பெயரால் அறியப்பட்டவர். அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தக் குடும்பமும், தோபியாஸ் என்ற இளைஞனும், இன்னும் வடக்கே நாக்வாக்கிலிருந்து வந்த டெரியானியாக், அவர் மனைவி, மகள் மூவரும் கப்பலேறினார்கள். ஹாம்பர்க் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் நடத்திய மனிதக் காட்சிக்காக இவர்களை ஒப்பந்தம் பேசி அழைத்துப்போனவர் நார்வேக்காரர் யோஹான் ஆட்ரியன் யாக்கோப்ஸன். ஹாம்பர்க், பெர்லின், பிராக், ஃபிராங்ஃபர்ட், டார்ம்ஸ்டட், கிரேஃபெல்ட், பாரிஸ். பெர்லினில் மிருகக்காட்சிசாலைக்குள்ளேயே வேலி கட்டிக் குடியிருப்பு. இவர்களுக்கு அம்மை குத்த மறந்துபோனார்கள். டிசம்பர் நடுவில் தொடங்கி 1881 ஜனவரி நடுவுக்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்தார்கள்.

ஆப்ரஹாம் தம் மொழியில் எழுதிய மூலம் இன்று இல்லை. உடைமைகளோடு ஹெப்ரானுக்குத் திரும்பிய நோட்டை க்ரெட்ஷ்மர் என்ற மிஷனரி ஜெர்மனில் பெயர்த்தார். அந்தப் பெயர்ப்பின் பிரதி ஒன்றை அமெரிக்காவில் பெத்லஹேம் நகரத்து மொரேவியன் ஆவணக் காப்பகத்தில் 1980இல் கண்டெடுத்தவர் ஜே. கார்த் டெய்லர். ஹார்ட்மூட் லூட்ஸ் பதிப்பித்த ஆங்கில நூல் 2005இல் வந்தது. ஆக, நாம் படிப்பது மூன்றாம் கை.

மூன்றாம் கையில் வந்த எழுத்தின் நடையைப் புகழ்வது பொய். வாக்கியம் க்ரெட்ஷ்மருடையதா ஆப்ரஹாமுடையதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் மொழிபெயர்ப்பைத் தாங்கி நிற்கின்றன: எதை எழுதத் தேர்ந்தெடுத்தார் என்பது ஒன்று, எதன் பக்கத்தில் எதை வைத்தார் என்பது மற்றொன்று. விமர்சகன் நிற்கக்கூடிய தரை இவ்வளவுதான். இதுவே போதும் என்பதற்கு பெர்லின் பகுதி சாட்சி.

கூட்டம் தாங்க முடியாமல் போகிறது. இரைச்சல், நெரிசல், வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிற வேடிக்கை பார்ப்பவர்கள். உல்ரிகே உள்ளிருந்து கதவைத் தாளிட்டுக்கொள்கிறாள். ஆப்ரஹாம் சவுக்கையும் கடல்நாய் வேட்டை ஈட்டியையும் எடுத்துக்கொண்டு, முகத்தைப் பயங்கரமாக்கிக்கொண்டு, கூட்டத்தை விரட்டுகிறார். இதை அவரே எழுதுகிறார். விரட்டப்பட்டவர்களில் சிலர் போகிறபோக்கில் கைகுலுக்கிவிட்டுப் போனதையும் சேர்த்தே எழுதுகிறார்.

இதில் அனுதாபத்துக்கு என்ன இடம் இருக்கிறது? ஆப்ரஹாம் வயலின் வாசிப்பவர். படம் வரையத் தெரிந்தவர். தினம் ஜெபம் செய்பவர். காசு கொடுத்து வந்த கூட்டம் எதிர்பார்த்த காட்டுமிராண்டி அவரிடம் இல்லை. ஆனால் வீட்டைக் காக்க வேண்டிவந்தபோது, எந்த வேஷத்துக்காக அழைத்துவரப்பட்டாரோ அதே வேஷத்தை ஆயுதமாக எடுக்கிறார். கூட்டத்துக்கு அதுவும் காட்சியாகவே படுகிறது. பயந்தவனும் மகிழ்ந்தவனும் ஒரே ஆள். கைகுலுக்கலை விடாமல் குறித்துக்கொண்ட மனம், தன் வேஷம் பலித்ததையும், பலித்தும் தோற்றதையும் ஒருங்கே கண்ட மனம். வேலிக்கு வெளியே நின்றவர்களைவிட உள்ளே இருந்தவர் கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதே பார்வை இன்னொரு பக்கமும் திரும்புகிறது. ஆராதகர்கள் சங்கடப்படும் இடம் அது. டெரியானியாக் குடும்பம் ஞானஸ்நானம் பெறாதது. பெர்லினில் இரு குடும்பங்களுக்கும் தனித்தனிக் குடிசை. ஆப்ரஹாம் அவர்களை அஞ்ஞானிகளாகத்தான் காண்கிறார். ஐரோப்பாவுக்கு ஹெப்ரான் எப்படியோ அப்படியே ஹெப்ரானுக்கு நாக்வாக். இத்தனைக்கும் ஹெப்ரான் 58ஆம் பாகைக்குச் சற்று மேலே. ஸ்டாக்ஹோம் அதைவிட வடக்கு. ‘தூர வடக்கு’ என்பது பாகைக் கணக்கில் மட்டும் இல்லை. லாப்ரடாரின் குளிர்ந்த நீரோட்டம் பாதியைத் தீர்மானிக்கிறது. மீதியைப் பார்க்கிறவன் தீர்மானிக்கிறான்.

தமிழில் இதைப் பெயர்க்கப் போகிறவருக்கு இங்கே ஒரு கஷ்டம் காத்திருக்கிறது. டெரியானியாக்கை ஆப்ரஹாம் ‘அவன்’ என்பாரா, ‘அவர்’ என்பாரா? தோபியாஸை நாய்ச்சவுக்கால் அடித்த யாக்கோப்ஸனை எப்படிச் சொல்வார்? ஜெர்மனும் ஆங்கிலமும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தப்பித்துக்கொள்கின்றன. தமிழ் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் ‘அவர்’ போட்டால் ஆப்ரஹாம் மகாத்மாவாகிவிடுவார், நாட்குறிப்பு செத்துவிடும்.

ஏன் போனார்? மிஷன் கடையில் கடன் இருந்தது. மிஷனரிகள் வேண்டாமென்றார்கள். ஐரோப்பாவைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. கடனைச் சொல்பவர்கள் ஆசையை மறைக்கிறார்கள்; ஆசை சேர்ந்தால் பலியாள் சுத்தமாக இருப்பதில்லை அல்லவா? ஆனால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, மறுப்பைக் கேட்டும் கிளம்பியவர் ஒரு முழு மனிதர். இந்த வித்தியாசம் முக்கியம் என்பதற்கு அதே ஹெப்ரானின் பிற்கால வரலாறே ஆதாரம். 1959இல் குடியிருப்பு மூடப்படும் என்ற அறிவிப்பு தேவாலயத்துக்குள் வைத்துச் சொல்லப்பட்டது. தேவாலயத்தில் எதிர்த்துப் பேசுவது அவர்கள் வழக்கமில்லை. குடும்பங்கள் தெற்கே நெய்ன், ஹோப்டேல், மக்கோவிக் ஊர்களுக்குச் சிதறின. உறவுகள் பிரிந்தன, பழகிய வேட்டை நிலங்கள் போயின. நியூஃபவுண்ட்லாண்ட் அரசு மன்னிப்புக் கேட்டது 2005இல். 1880இல் ஒரு குடும்பம் ஏமாந்தாவது முடிவெடுத்தது. 1959இல் ஓர் ஊருக்கு அதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே இரக்கத்தைக் காட்டினால் இரண்டாவது அநியாயத்தின் அளவு தெரியாமல் போகிறது.

கிரேஃபெல்ட் மருத்துவமனையில் தூங்கிக்கொண்டிருந்த சாராவை விட்டுவிட்டு மற்றவர்கள் பாரிஸுக்குப் போகவேண்டியிருந்தது. அவள் அங்கேயே இறந்தாள். இதைச் சொல்லும் பகுதியில் ஆப்ரஹாம் யாரையும் குற்றம் சாட்டவில்லை. தூங்கினாள், எழுந்திருக்கவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். பாரிஸில் இறந்த ஐவரின் எலும்புக்கூடுகள் அந்நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதை ஃபிரான்ஸ் ரிவே 2014இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வேலி அப்போதும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. நம் அனுதாபமும் அந்த வேலியில் ஒரு கம்பிதான்: பார்ப்பது நாம், பார்க்கப்படுவது அவர் என்ற ஏற்பாட்டை அது மாற்றுவதில்லை.

இந்த நாட்குறிப்பு சிறியது; ஒரு மாலையில் படித்துவிடலாம். யாராவது தமிழில் கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறவர் முன்னுரையில் இரங்கல் எழுதாமலிருந்தால் நல்லது. ‘அவன்’, ‘அவர்’ விஷயத்தில் எடுத்த முடிவுகளையும் அதற்கான காரணங்களையும் எழுதினால் போதும்.