முறை மாறியது, மனம் மாறியதா?

திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு சிறு கல்லை எடுத்து, ஒரு மீட்டர் நூலில் கட்டித் தொங்கவிட்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள். இருபது அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 விநாடி ஆகும். ஊசல் பாடத்துக்கு இதற்கு மேல் கருவி வேண்டியதில்லை. ஆயினும் கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் பலர் இதை ஒருமுறையேனும் செய்து பார்த்ததில்லை என்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். காரணம் என்ன? நல்ல கற்பித்தல் முறை நம்மிடம் இல்லையா?

இருந்தது. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் நடந்த முறையை ஆசிரியர்கள் நேரில் கண்டு வந்தனர். பாட அட்டைகளை ஆக்குவதிலும் பங்கு கொண்டனர். ஆசிரியரும் குழந்தைகளும் பாயில் ஒன்றாக அமர்ந்தனர். கரும்பலகை குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது.

2007-08-இல் இம்முறை மாநிலமெங்கும் பரவியது. அங்கேதான் கோளாறு. அட்டைகள் அச்சாகி எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றை ஆக்கிய அனுபவம் போய்ச் சேரவில்லை. தாம் ஆக்காத ஒன்றை ஆணைக்காக நடத்துபவர், அதிகாரி வரும் நாளில் மட்டும் அதை எடுத்து வைப்பது மனித இயல்பே அல்லவா?

பிறகு 2022-23-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். நோக்கம் நல்லதே. ஆனால், ஆசிரியர் இதை 'என் பள்ளி' என்று நினைக்கிறாரா, 'நான் வேலை பார்க்கும் இடம்' என்று நினைக்கிறாரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆசிரியர்மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிகள் பல. பாடத்தோடு பதிவேடுகளும் புள்ளிவிவரங்களும் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதைக்கூட மேலிடமே தீர்மானித்தால், பள்ளிமீது பற்று எங்கிருந்து வரும்?

ஊசலில் கல்லை எத்தனை முறை மாற்றினாலும் அலைவு நேரம் மாறாது. நூலின் நீளத்தை மாற்றினால்தான் மாறும். நாமோ முறைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஆசிரியருக்கு விடும் நூலின் நீளம் அப்படியே இருக்கிறது!

மாணவ நண்பர்களே, உங்களாலும் ஒன்று முடியும். அடுத்த அறிவியல் வகுப்பில் எழுந்து, "செய்து பார்க்கலாமா, ஐயா?" என்று பணிவாகக் கேளுங்கள். மேலிடத்து ஆணையால் கிளறப்படாத ஆர்வம், மாணவரின் ஒரு கேள்வியால் கிளறப்படுவதுண்டு.