‘எதிர்ப்பு’ என்னும் சொல்லும் திறனாய்வும்

தமிழாய்வேடுகளின் தலைப்புகளில் ‘எதிர்ப்பு’, ‘எதிர்ப்புக்குரல்’ ஆகியன மிகுதியாக இடம்பெறுகின்றன. ஆயின், அவற்றுட் பல அச்சொல்லை வரையறுக்காமலே கையாள்கின்றன. மேடை முழக்கமாக எழுந்த கவிதையும், சிறுகதையொன்றில் வாய்திறவாமல் பிடிவாதம் காட்டும் மருமகளும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றனர்.

‘எதிர்’ என்னும் அடிச்சொல்லுக்குப் பகைமை முதற்பொருள் அன்று. எதிர்கொள்ளல் வரவேற்றலைக் குறிக்கும். எதிர்காலம் வரவிருப்பதைக் குறிக்கும். நன்னூலார் கூறும் ‘எதிரது போற்றல்’ என்னும் உத்தி பிற்கால வழக்கை ஏற்றுக்கொள்வதாகும். முகத்துக்கு முகம் நிற்றல் என்பதே அடிப்படைப் பொருள் எனலாம். ஆங்கிலத்தின் ‘ரெசிஸ்டன்ஸ்’ இதனின் வேறுபட்டது. இயற்பியலார் அதனை ‘மின்தடை’ என்றனர். மருத்துவத் துறையினர் ‘எதிர்ப்பு’ என்றனர். திறனாய்வாளர் பின்னதைத் தேர்ந்துகொண்டனர்.

தடுத்து நிற்றலைத் தனியே பெயரிட்டழைக்கும் மரபு புறத்திணையில் உண்டு. தொல்காப்பியத்தில் மதிலை முற்றலும் காத்தலும் உழிஞையுள் அடங்கும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ மதில் காத்தலை நொச்சி எனவும், நிரை மீட்டலைக் கரந்தை எனவும் தனித் திணைகளாக்கியது. நிலையாமை கூறிய காஞ்சி அந்நூலில் வஞ்சியை எதிர்க்கும் திணையாயிற்று. காப்போனின் செயல் தாக்குவோனின் செயலுக்கு வெறும் மறுதலை அன்று என்னும் உணர்வு இப்பகுப்பில் உள்ளது. இன்றைய எதிர்ப்பிலக்கிய ஆய்வுகள் இதனைக் கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது.

‘எதிர்ப்பிலக்கியம்’ என்னும் கலைச்சொல்லை 1966இல் பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி கையாண்டார். பார்பரா ஹார்லோவின் 1987ஆம் ஆண்டு நூல் அதனை ஆங்கிலத் திறனாய்வில் பரப்பியது. அங்கு அது ஆக்கிரமிப்புக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தோடு பிணைந்த எழுத்தையே சுட்டியது. ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் மலேசியாவின் கெடா மாநிலச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து, வேலையில் மெத்தனம், அறியாமை நடிப்பு, சிறு களவு, புறம்பேசுதல் ஆகியவற்றையும் எதிர்ப்பென்றார். அவற்றை ‘எளியோரின் ஆயுதங்கள்’ எனப் பெயரிட்டார். தென்னாப்பிரிக்காவில் காந்தி ‘பாஸிவ் ரெசிஸ்டன்ஸ்’ என்னும் தொடரைக் கைவிட்டதற்கு, அது எளியோரின் ஆயுதமாகக் கருதப்பட்டதே ஒரு காரணம் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் வழியாக அவர் மாற்றுப்பெயர் வேண்டினார். மகன்லால் காந்தி தந்த ‘சதாக்கிரகம்’ என்பதைச் ‘சத்தியாக்கிரகம்’ எனத் திருத்தினார். தில்லையாடி வள்ளியம்மை உள்ளிட்ட தமிழர் சிறை புகுந்தது அப்பெயரின்கீழ்தான். ஒருவர் மறுத்த அடைமொழியே மற்றொருவருக்குக் கோட்பாடாயிற்று. இரண்டையும் ‘எதிர்ப்பு’ என்றே மொழிபெயர்த்தால் இவ்வழக்கே புலப்படாது.

இக்குழப்பத்தின் விளைவை இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) பெற்ற விமர்சனத்தில் காணலாம். அந்நாவலில் கலகக்குரல் இல்லை என்னும் குறை தலித் விமர்சனத்தில் எழுந்தது. கனஃபானியின் பொருளில் அது சரி. ஆனால், துணி வெளுத்துக் கூலித் தானியத்துக்குக் கையேந்தும் ஆரோக்கியத்தின் ஓயாத புலம்பல், ஊராரின் கடமையை நினைவூட்டி இடித்துரைக்கும் கணக்குக் கேட்பாகவும் அமைகிறது. ஸ்காட்டின் அளவுகோலில் அதுவும் எதிர்ப்பே. எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தனர் என்பதைக் கூறாமலே ‘எதிர்ப்பு உண்டு’, ‘இல்லை’ என வழக்காடியவர்கள், ஒரே சொல்லால் இருவேறு பொருள்களைப் பேசினர்.