முப்பது பைட்டுக்குள் ஒரு பாடல்: எம்பி3 கோப்பும் பாடலாசிரியர் பெயரும்

இணையவழி இசைப் பரவலின் வரலாறு பெரிதும் வழக்குகளின், வணிகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1999இல் நாப்ஸ்டர் தோன்றியது. 2001இல் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து முடங்கியது. 2003இல் ஐடியூன்ஸ் அங்காடி ஒரு பாடலை 99 செண்டுக்கு விற்கத் தொடங்கியது. ஸ்டீபன் விட்டின் ‘ஹவ் மியூசிக் காட் ஃப்ரீ’ (2015) இவ்வரலாற்றை ஒரு பொறியாளர், குறுந்தகட்டு ஆலைத் தொழிலாளி, இசைநிறுவனத் தலைவர் ஆகிய மூவர் வழியாகச் சொல்கிறது. ஜோனதன் ஸ்டெர்னின் ‘எம்பி3: தி மீனிங் ஆஃப் எ ஃபார்மட்’ (2012) கோப்பு வடிவத்தையே ஆய்வுப்பொருளாக்கியது, இது முக்கியமான நகர்வு. எனினும் அந்நூலின் கவனம், செவி உணராத ஒலிகளை நீக்கிச் சுருக்கும் முறைமீதே குவிகிறது. ஒலியோடு பாடலைப் பற்றிய தகவலும் சுருக்கப்பட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

எம்பி3 கோப்பின் இறுதியில் தகவல் சேர்க்க 1996இல் ஐடி3 என்னும் குறிப்பொட்டு உருவானது. அதன் மொத்த அளவு 128 பைட்டு. தலைப்பு, கலைஞர், தொகுப்பு, குறிப்புரை ஆகியவற்றுக்குத் தலா 30 பைட்டு, ஆண்டுக்கு 4, இசைவகைக்கு 1. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனி இடமில்லை. பாடுபவரையே பாடலின் உரியவராகக் கொள்ளும் மேலை வெகுசன இசையின் நோக்கு இவ்வமைப்பில் உறைந்துள்ளது.

தமிழ்த் திரைப்பாடலோ இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என மூவரின் ஆக்கம். இம்மூவரும் ஒரே ‘கலைஞர்’ கட்டத்துக்குப் போட்டியிட நேர்ந்தது. எழுத்துருவும் தடையே: இன்றைய யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘கண்ணதாசன்’ 27 பைட்டில் அடங்கும், ‘பட்டுக்கோட்டை’ என்பதற்கே 39 பைட்டு வேண்டும்.

1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் இடமளித்தது. எனவே இது தீர்ந்துபோன தொழில்நுட்பக் குறை எனலாம். ஆனால் கட்டம் இருப்பதாலேயே அது நிரம்பிவிடுவதில்லை. குறுந்தகட்டிலிருந்து பாடலைப் பெயர்த்தெடுத்தவர் இட்ட பெயரே கோப்பின் பெயராயிற்று. நாப்ஸ்டரின் மையப் பட்டியலில் தேடப்பட்டதும் அக்கோப்புப் பெயரே. பெயரில் இடம்பெறாதவர் தேடலிலும் இடம்பெறவில்லை.

ஆகவே, இணையத்தில் கிடைக்கும் ஒலிக்கோப்பைத் திரைப்பாடல் ஆய்வின் சான்றாகக் கொள்வோர், அதன் குறிப்பொட்டைச் சான்றாகக் கொள்ளலாகாது. படத்தின் பெயர்ப்பட்டியல், பாட்டுப் புத்தகம், இசைத்தட்டின் முகச்சீட்டு ஆகியவற்றோடு அதனை ஒப்பிட வேண்டும். பாடலைப் பலருக்கு எட்டச்செய்த அதே வடிவம், அதை எழுதியவரை எட்டாத தொலைவில் நிறுத்தியது என்பதையும் இவ்வரலாறு பதிவு செய்தாக வேண்டும்.