மின்சாரம் போக மிஞ்சும் கசடு

கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம். சென்னையின் சாக்கடை நீர் போய்ச் சேரும் இந்த நிலையங்களில், கசடிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எத்தனை யூனிட் கிடைத்தது என்று மட்டும் கேட்டால், கேள்வியில் பாதியை விட்டுவிடுகிறோம்.

சாக்கடை நீரில் காற்றை ஊதினால் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகும். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் வெளியிட்ட முறை இதுதான். தண்ணீர் தெளிந்துவிடுகிறது, அழுக்கில் பெரும்பங்கு கசடாகத் தொட்டியின் அடியில் தங்குகிறது. அதைக் காற்றுப் புகாத டைஜெஸ்டரில் 35 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ இருபது நாள் வைத்தால் வாயு பிரியும். அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் மீத்தேன்.

மின்கட்டணம் குறைவதைவிடப் பெரிய ஆதாயம் வேறொன்று உண்டு என்பேன். இதே கசடு திறந்த குழியில் அழுகினால் மீத்தேன் நேராக வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். டைஜெஸ்டர் அதைத் தடுக்கிறது; கசடின் அளவையும் நாற்றத்தையும் குறைக்கிறது.

ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் தன் தேவைக்கு மேலேயே மின்சாரம் எடுத்துக் காட்டியது. வாயுவைப் பெருக்கியது மட்டுமல்ல, காற்று ஊதும் செலவைச் சுருக்கியதும் அதற்குக் காரணம். நம் வெயிலில் டைஜெஸ்டரைச் சூடாக்கும் செலவு குறைவு என்பது நமக்குச் சாதகம். ஆனால் வீட்டு செப்டிக் டேங்கிலும் நீண்ட குழாய்களிலும் சத்து அழுகித் தீர்ந்து, நிலையத்துக்கு வருவது நீர்த்த சாக்கடை. அங்கே கிடைத்த கணக்கை இங்கே எதிர்பார்க்க முடியாது.

எஞ்சினுக்கும் எதிரிகள் உண்டு. வாயுவோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு உலோகத்தை அரிக்கும். ஷாம்பு, க்ரீம்களிலிருந்து வரும் சிலாக்சேன், எரிந்தபின் வெள்ளை மணல்போல பிஸ்டன் தலையில் படிந்து இறுகும். வாயுவைக் கழுவும் கருவியைப் பராமரிக்காவிட்டால் எஞ்சின் நிற்கும். வாயு குழாய் முனையில் வீணாக எரியும். வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசியில் கேக் மிஞ்சுகிறது. மையவிலக்குப் பொறியிலிருந்து லாரியில் விழும் கருஞ்சேறு அது. கையில் எடுத்தால் ஈரமண்போல இருக்கும், ஆனால் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எரிக்கலாம் என்றால், அந்தத் தண்ணீரை விரட்டவே வெப்பம் செலவாகும். வயலுக்கு அனுப்பினால் நைட்ரஜனும் பாஸ்பரசும் மண்ணுக்குத் திரும்பும்; கூடவே சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறைகளின் உலோகமும் போகும். 35 டிகிரியில் குடற்புழு முட்டைகள் முழுதாகச் சாவதும் இல்லை. சுவிட்சர்லாந்து 2006இலேயே வயலில் கொட்டுவதை நிறுத்தியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், எளிதில் சிதையாத ஃப்ளோரின் வேதிப்பொருட்கள் பண்ணை மண்ணில் கலந்ததைக் கண்டு 2022இல் தடை போட்டது.

அந்தத் தடையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேக்கை நன்றாக உலர்த்த நம்மிடம் வெயில் இருக்கிறது. பட்டறைக் கழிவை வீட்டுச் சாக்கடையில் கலக்காமல் தடுப்பதுதான் முதல் வேலை. கலந்தபின் குரோமியத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஒவ்வொரு லோடுக்கும் சோதனை முடிவு வேண்டும். தன் வயலில் இறங்கும் லோடில் எவ்வளவு காட்மியம், எவ்வளவு குரோமியம் என்று எழுதிய தாள், லாரி வருமுன் அந்த விவசாயியின் கைக்கு வர வேண்டும்.