உறுதியும் காப்பும்

'தொட்டி உறுதியாக உள்ளது' என்னும் கூற்று கேட்போர்க்கு ஆறுதல் தருவது. ஆனால் அக்கூற்று எவ்வினாவிற்கு விடையாக எழுந்தது என்பதை அறியாமல் ஆறுதல் கொள்வது அறிவுடைமை ஆகாது. அணுக்கழிவைத் தேக்கிவைக்கும் நிலத்தடிக் கான்கிரீட் தொட்டிகளைப் பற்றிய ஆய்வுரைகளைப் படிப்போர் இதனை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை ஒட்டியுள்ளது ஹான்ஃபோர்டு. 1945இல் நாகசாகியின்மீது வீசப்பட்ட அணுகுண்டிற்குரிய புளுட்டோனியம் அங்கு ஆக்கப்பட்டது. அதனைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கதிரியக்கக் கழிவைச் சேர்த்துவைக்க 177 தொட்டிகள் மண்ணுள் கட்டப்பட்டன. 1943 முதல் 1964 வரை கட்டப்பட்ட 149 தொட்டிகளுக்கு எஃகு உறை ஒன்று. 1968 முதல் கட்டப்பட்ட 28 தொட்டிகளுக்கு இரண்டு.

இத்தொட்டிகளில் கான்கிரீட்டின் தொழில் வேறு. எஃகின் தொழில் வேறு. மேலுள்ள மண்ணின் சுமையையும் நில அதிர்ச்சியையும் தாங்குவது கான்கிரீட். நீர்மத்தை ஒழுகவிடாமல் காப்பது எஃகு உறை. ஆய்வுரைகள் 'கட்டுமான உறுதி' எனக் கூறுவது பெரிதும் முன்னதையே குறிக்கும்.

அம்முடிவு வெற்றுரை அன்று. 2010இல் சி-107 என்னும் தொட்டியின் கூரையில் பெருந்துளையிட்டு எடுத்த கான்கிரீட்டைச் சோதித்தபோது, அது வடிவமைத்தோர் கருதியதினும் வலிமை மிக்கதாகவே காணப்பட்டது. கூரை இடிந்தால் கதிரியக்கம் காற்றிற் கலக்கும். ஆதலின் இவ்வாய்வு இன்றியமையாததே.

எனினும், உறுதியிலிருந்து காப்பை ஊகிப்பது பிழை. 1965இல் ஏ-105 தொட்டியில் கழிவின் வெப்பத்தால் அடியில் நீராவி மூண்டு, எஃகுத் தளம் மேல்நோக்கிப் புடைத்தது, தொட்டி கசிந்தது. 1973இல் டி-106 தொட்டியிலிருந்து ஏறத்தாழ 1,15,000 கேலன் கழிவு, வாரக்கணக்கில் தடுப்பாரின்றி மண்ணுள் இறங்கிற்று. இவ்விரண்டிலும் கூரை இடிந்து விழவில்லை! நின்ற தொட்டிகளே ஒழுகின.

இரட்டை உறை இக்குறையைத் தீர்த்துவிட்டதா? 1971இல் பயனுக்கு வந்த ஏஒய்-102 தொட்டியின் உள்ளுறை கசிந்தது 2012இல் உறுதிப்பட்டது. வெளியுறை அதனைத் தடுத்து நிறுத்தியது மெய்யே. ஆயினும், தடுப்பு இரண்டில் ஒன்று போனபின் எஞ்சுவது ஒன்றுதான்.

எனவே குறை கணக்கில் இல்லை. கணக்கின் விடையை அது கேளாத வினாவிற்கும் விடையாகக் கொள்வதில் இருக்கிறது. 'பாதுகாப்பு' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டும்போது இம்மயக்கம் மிகுகிறது. இடியாமையும் கசியாமையும் வெவ்வேறு என வகுப்பறையில் பிரித்துக் காட்டுவது தமிழாசிரியர்க்கும் உரிய பணி.

காலமும் கருதத் தக்கது. தொட்டியின் ஆயுள் சில பத்தாண்டுகளுக்கென்றே எண்ணப்பட்டது. புளுட்டோனியம்-239 பாதியாய்க் குறையவோ ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும். ஆதலின் உறுதியாய்வு தருவது தவணையே, தீர்வு அன்று. கழிவை வெளியேற்றிக் கண்ணாடியோடு உருக்கி இறுகச் செய்வதே தீர்வு நோக்கிய வழி. அதற்கான ஆலையின் கட்டுமானம் 2002இலேயே தொடங்கிற்று. பெற்ற தவணை எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதே இனிக் கேட்கத் தக்க வினா.